எந்தக் கல்லை எங்கே வைப்பது

பிள்ளைகளே,

எங்கள் தொழிலில் ஒரு கல்லைக் கையில் எடுத்தால் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இது எதைத் தாங்கும்? எதைத் தாங்காது? இரண்டுக்கும் விடை தெரிந்தவர்கள் கட்டிய மண்டபங்கள் ஆயிரம் வருஷம் தாண்டியும் நிற்கின்றன. முதல் கேள்வியோடு நிறுத்திக்கொண்டு வேலையைத் தொடங்கினால், கட்டியவன் கண்ணெதிரிலேயே விரிசல் விடும்.

திருப்பணிக் கல்தச்சனாக ஊர் ஊராகப் போய் உழைத்துவிட்டு, இப்போது உளியைக் கீழே வைத்திருக்கிறேன். உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போக என்னிடம் நிலமோ பணமோ பெரிதாக இல்லை. இந்த இரண்டு கேள்விகள் இருக்கின்றன. படிப்பு, வேலை, கல்யாணம், கடன் என்று நீங்கள் எதைத் தோளில் ஏற்றப் போனாலும் இவை உதவும். எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்தான். ஆகவே கல்லை வைத்தே சொல்கிறேன்.

காலம் பிடித்துத்தான் கெட்டியாகும்

சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். நிலவியல் படிப்பவர்களுக்கு உலகம் முழுக்கத் தெரிந்த பாறை அது. கல்கத்தாவில் செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ஜாப் சார்னாக்கின் கல்லறை இருக்கிறது. அதில் பதித்த கல் இந்தக் குன்றுகளின் பக்கமிருந்து போனது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலண்ட், 1893-ல் அந்தக் கல்லறையை நினைவில் வைத்தே இவ்வகைப் பாறைக்கு 'சார்னோகைட்' என்று பெயரிட்டார்.

இதன் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் கீழே, கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருவானது. அதன் தலைமேல் இருந்த அத்தனையும் மழையிலும் காற்றிலும் அரித்துப் போன பிறகுதான் வெயிலைப் பார்த்தது. அந்த ஆழமும் அந்தக் காலமும்தான் அதன் கெட்டித்தன்மைக்குக் காரணம்.

அதே பல்லாவரத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் பழைய கற்கால மனிதனின் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வு அங்கிருந்துதான் வேகம் பிடித்தது. அந்தக் கோடரி குன்றின் கருங்கல்லில் செய்ததல்ல, குவார்ட்சைட்டில் தட்டியெடுத்தது. கருங்கல்லைத் தட்டினால் மணி மணியாக உதிரும், கூர் நிற்காது. குவார்ட்சைட் சில்லு சில்லாகப் பெயர்ந்து கத்தி விளிம்பு தரும். எழுத்தும் இரும்பும் இல்லாத காலத்திலேயே ஒரு மனிதன் 'எது எதற்கு ஆகும்' என்று பார்த்துத் தேர்ந்திருக்கிறான். கல் வேலையில் அறிவு என்பது அன்றைக்கே தொடங்கிவிட்டது.

இருபத்தைந்து வயதில் 'எனக்கு எல்லாம் தாமதமாகிவிட்டது' என்று சொல்லும் பிள்ளைகளை இப்போது நிறையப் பார்க்கிறேன். கூடப் படித்தவன் வீடு வாங்கிவிட்டான் என்று மனம் நோகிறீர்கள். கெட்டிப்பட வேண்டியதற்கு அதற்குரிய காலம் வேண்டும். ஒரு கைத்தொழிலோ, ஒரு பாடமோ, ஒரு மனிதரோடு நம்பிக்கையோ, எதுவானாலும் வெளியே ஒன்றும் தெரியாத வருஷங்கள் அதற்குள் இருக்கும். அந்த வருஷங்களை வீணென்று எண்ணாதீர்கள்.

உளியைத் தொடுமுன் காதைக் கொடு

என் அப்பா உளியைக் கொடுப்பதற்கு வெகு முன்பே ஒரு சின்னச் சுத்தியலைக் கொடுத்து, பட்டறையில் கிடந்த கற்களைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். உள்ளே விரிசல் ஓடிய கல் 'டொக்' என்று அடங்கிவிடும். சிற்ப நூல்கள் இந்த ஓசையை வைத்தே கல்லைப் பிரித்திருக்கின்றன. மணியோசை எழுந்தால் ஆண் கல், தாள ஓசை எழுந்தால் பெண் கல். முன்னது சுவாமி திருமேனிக்கு, பின்னது அம்மன் திருமேனிக்கு. ஓசை எழாத மூன்றாம் வகையைத் தளம் பாவவும் அடியில் இடவும் வைத்துக்கொள்வார்கள்.

இதில் மாயம் எதுவும் இல்லை. அடித்த அதிர்வு தடையில்லாமல் கல்லுக்குள் ஓடித் திரும்பினால் ஓசை நீளும். விரிசலில் சிக்கினால் அங்கேயே செத்துப்போகும். இன்றைய பொறியாளர்கள் மீயொலியைக் கல்லுக்குள் செலுத்தி, அது எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று அளந்து உள்விரிசலைக் கண்டுபிடிக்கிறார்கள். எங்கள் காது செய்ததும் அந்த வேலையைத்தான். இன்னொரு வழியும் உண்டு. கல்லின் மேல் தண்ணீர் ஊற்றிக் காயவிடுவோம். முகம் முழுக்கக் காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால், அந்த இடத்தில் உளி வைக்கக் கூடாது.

புதிய வேலையில் சேர்ந்தால் முதல் சில வாரம் அங்கே இருப்பவர்கள் பேசுவதைக் கேளுங்கள். ஒருவரோடு வாழ்க்கை நடத்தப் போகிறீர்கள் என்றால், அவர் கோபத்தில் எப்படிப் பேசுகிறார், தனக்குக் கீழே வேலை செய்பவரிடம் எப்படிப் பேசுகிறார் என்று கேளுங்கள். செழிப்பில் எல்லோரும் ஒரே மாதிரி பளபளப்பாக இருப்பார்கள். ஈரம் காயும்போதுதான் கோடு தெரியும். அதே சமயம், ஓசை எழாத கல்லை எங்கள் முன்னோர் தூக்கி எறியவில்லை என்பதையும் மறக்காதீர்கள். சிலைக்கு ஆகாதது தளத்துக்கு ஆகும். லட்சம் பேர் நடந்து போகும் தளம் சின்ன வேலை அல்ல.

கல் விடுகிற பக்கம்

கருங்கல்லை மரம் மாதிரி அறுக்க அந்தக் காலத்தில் வழியில்லை. பிளக்கத்தான் வேண்டும். பிளப்பதற்கு ஏற்பாட்டை மலையே பாதி செய்து வைத்திருக்கும். மேலே அழுத்திக்கொண்டிருந்த சுமை அரித்துப் போகப் போக, பாறை மேல்நோக்கித் தளர்ந்து, வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகப் பிரியும். அந்த அடுக்குக்குள்ளும் கல் எளிதில் பிளக்கும் திசை ஒன்று, சுமாராகப் பிளக்கும் திசை ஒன்று, முரண்டு பிடிக்கும் திசை ஒன்று என மூன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்களும் மணிகளும் ஒரு திசை பார்த்துப் படிந்திருப்பதால் வரும் குணம் இது. அனுபவப்பட்டவர் கையால் தடவியும், சின்னச் சில்லு ஒன்றைத் தட்டிப் பெயர்த்தும் அதைக் கண்டுகொள்வார்.

அதன் பிறகு, பிளக்க வேண்டிய கோட்டில் வரிசையாகச் சின்னக் குழிகள் போட்டு ஆப்பு இறக்க வேண்டும். ஓர் ஆப்பை மட்டும் ஓங்கி அடித்தால் கல் கோணலாகக் கிழிந்துவிடும். இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை ஒவ்வோர் ஆப்புக்கும் ஒரே அளவு அடி. மறுபடியும் முதலிலிருந்து அதே அளவு அடி. ஓசை கொஞ்சம் கொஞ்சமாக மாறும். ஒரு கட்டத்தில் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கல் தானாக விட்டுக்கொடுக்கும். மர ஆப்பை இறுக்கி இறக்கித் தண்ணீர் ஊற்றி, அது ஊறிப் பருக்கும் பலத்தால் பிளப்பதும் எங்கள் வழக்கில் வழிவழியாகச் சொல்லப்படுவது. மாமல்லபுரத்தில் இன்றைக்கும் பாறை முதுகில் ஆப்புக்குழிகள் வரிசையாகத் தெரியும். அங்கே முடிக்காமல் விட்ட வேலைகளைக் கவனித்துப் பாருங்கள். பாறை முகத்தில் முதலில் கட்டம் கட்டமாகக் காடி வெட்டி, நடுவில் மேடாக நிற்கும் சதுரங்களைப் பிறகு தட்டி எடுத்திருக்கிறார்கள். பெரிய மலையைச் சின்னச் சதுரங்களாகப் பிரித்துக்கொண்டதால்தான் ஒரு மனிதக் கையால் அதைக் குடைய முடிந்தது.

நெருப்பாலும் கல் எடுப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெங்களூர்ப் பக்கம் நடந்த இந்த வேலையை ஒரு நிலவியலாளர் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். பாறையின் மேல் விறகைக் கோடு போல அடுக்கி எரித்து, அந்த நெருப்புக் கோட்டை மெல்ல மெல்ல முன்னே நகர்த்துவார்கள். சூடேறிய மேல் அடுக்கு விரிந்து, அடியிலிருக்கும் குளிர்ந்த பாறையை விட்டுக் கிளம்பும். அரை அடிக்கும் குறைந்த கனத்தில் நூற்றுக்கணக்கான சதுர அடிப் பாளம், ஒரு பகல் வேலையில், உடையாமல் பிரிந்து வரும். நெருப்பை அவசரமாக நகர்த்தினால் பாளம் கிளம்பாது. ஒரே இடத்தில் அதிகம் நிறுத்தினால் பொரிந்து சில்லாகிவிடும்.

பரீட்சைக்கு முதல் நாள் இரவு கண் விழிப்பது ஓர் ஆப்பை மட்டும் ஓங்கி அடிப்பதுதான். தினமும் ஒரே அளவு, எல்லாப் பக்கமும் சமமாக. உழைப்பு என்றால் அதுதான். அடித்து முடித்த பிறகு காத்திருக்கத் தெரிய வேண்டும் என்பதும் உழைப்பின் ஒரு பகுதிதான். விண்ணப்பம் போட்டாயிற்று, பரீட்சை எழுதியாயிற்று என்றால் மனத்தை மேலும் மேலும் அடித்துக்கொண்டிருக்காதீர்கள்.

தாங்காததை ஒப்புக்கொள்

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய பாடம்.

விழுப்புரம் பக்கத்தில் மண்டகப்பட்டு என்ற ஊரில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் ஒரு குகைக்கோயில் குடைந்தான். 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் சேராமல் இந்தக் கோயில் எடுக்கப்பட்டது என்று அங்கே கல்வெட்டில் பொறித்து வைத்தான். அது மலையோடு மலையாக இருக்கிற கோயில். நூறு ஆண்டுக்குள் அதே பல்லவ மரபில் வந்த ராஜசிம்மன் காலத்தில் கல்லைப் பிளந்து எடுத்து, அடுக்கி, மாமல்லபுரத்துக் கடற்கரையில் கோயில் எழுப்பினார்கள். குடைவதிலிருந்து அடுக்குவதற்கு வந்தவுடன் ஒரு கேள்வி எழுந்தது. தூணுக்குத் தூண் எவ்வளவு இடைவெளி விடலாம்?

நல்ல கருங்கல்லை மேலிருந்து அழுத்தினால் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு டன்னுக்கும் மேல் தாங்கும். அதே கல்லை உத்தரமாகப் படுக்க வைத்து நடுவில் பாரம் ஏற்றினால் மேல்பக்கம் அழுந்தும், அடிப்பக்கம் இழுபடும். இழுபடுவதைத் தாங்கும் சக்தி அழுத்தத்தைத் தாங்கும் சக்தியில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மேலும் கருங்கல் முன்னெச்சரிக்கை கொடுக்காது. மரம் வளையும், முனகும். கல் ஒரே கணத்தில் இரண்டாக முறியும். போதாததற்கு, ஒரு கன அடிக் கருங்கல் சுமார் 75 கிலோ. எட்டு அடி நீளம், ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி உள்ள ஓர் உத்தரம் தன் எடையே 1,300 கிலோவுக்கு மேல். அது முதலில் தன்னைத் தானே சுமக்க வேண்டும்.

நம் தச்சர்கள் இந்தப் பலவீனத்தோடு சண்டை போடவில்லை. அதை ஏற்றுக்கொண்டு திட்டம் போட்டார்கள். தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவில் இரு பக்கமும் கை நீட்டி நிற்கும் போதிகையை வைத்து, உத்தரம் தாண்ட வேண்டிய தூரத்தைக் குறைத்தார்கள். தூண்களை நெருக்கி நிறுத்தினார்கள். மதுரை மீனாட்சி கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் நிற்கின்றன. அந்தத் தூண்காட்டைப் பார்த்து வியப்பவர்கள், அது ஒரு குறையை ஒப்புக்கொண்டதால் பிறந்த அழகு என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இழுவிசை தாங்காத கல்லை வைத்துக்கொண்டு விரிந்த மண்டபம் வேண்டுமென்றால் தூண்கள் பெருகத்தான் செய்யும். பெருகிய தூண் ஒவ்வொன்றிலும் ஒரு யாளியோ ஒரு வீரனோ ஒரு நாட்டியப் பெண்ணோ வந்து நின்றார்கள். குறையிருந்த இடம்தான் சிற்பத்துக்கு இடம் கொடுத்தது.

பிள்ளைகளே, உங்களில் பலர் நல்ல கருங்கல். குடும்பப் பாரம் எவ்வளவு வந்தாலும் நேராக நின்று சுமந்துவிடுவீர்கள். ஆனால் எல்லாரும் எல்லா மாதிரிச் சுமையையும் தாங்க முடியாது. பணக் கஷ்டத்தைச் சிரித்துக்கொண்டே தாங்குகிறவர் ஓர் அவமானத்தைத் தாங்க மாட்டார். பத்து மணி நேரம் உழைக்கிறவர் ஒரு நாள் தனிமையைத் தாங்க மாட்டார். உங்களுக்கு எது தாங்காது என்று கண்டுபிடியுங்கள், அதை உங்களைச் சேர்ந்தவர்களிடம் சொல்லுங்கள். இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு தூணை நிறுத்துங்கள். அண்ணனோ, தோழியோ, ஆசிரியரோ, மருத்துவரோ, யாராகவும் இருக்கலாம். முறியும் கணம் வரை வாய் திறக்காமல் இருப்பது வீரம் ஆகாது.

இடத்துக்கு ஏற்ற கல்

காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்குப் போனால் ஒரு காரியம் செய்யுங்கள். அடித்தளத்து வரிக் கற்களை ஒரு தடவை பாருங்கள், அதற்கு மேலே சுவரில் இருக்கும் சிற்பங்களை ஒரு தடவை பாருங்கள். ராஜசிம்மன் 8-ஆம் நூற்றாண்டில் எடுத்த அந்தக் கோயிலில் பாரம் தாங்கும் அடிவரிகள் கருங்கல், மேலே உள்ளது பெரும்பாலும் மணற்கல். மணற்கல் மென்மையானது. உளி சொன்னபடி கேட்கும். அதனால்தான் அங்கே இண்டு இடுக்கெல்லாம் சிற்பம். ஆனால் அது மணல் மணிகள் ஒட்டி உருவான கல். நடுவில் நுண்துளைகள் உண்டு. ஈரத்தை உறிஞ்சும். ஈரத்தோடு உப்பும் ஏறும். காயும்போது உப்பு படிகமாகி மணியை மணியிலிருந்து தள்ளும். சுவரின் முகங்கள் பல இடங்களில் கரைந்து போயிருக்கின்றன, பின்னால் வந்தவர்கள் சுதை பூசிக் காத்திருக்கிறார்கள். கருங்கல் அடிவரி அப்படியே இருக்கிறது. கட்டியவர்கள் தரையோரம் ஈரம் ஏறும் என்று அறிந்தே அங்கே கருங்கல்லை வைத்தார்கள். அந்த முன்யோசனைதான் மேலே இருக்கும் மென்மையான அழகையும் இன்று வரை தாங்கிப் பிடித்திருக்கிறது.

அடுத்து தஞ்சாவூருக்குப் போங்கள். சுற்றிலும் காவிரி கொண்டு வந்து கொட்டிய வண்டல். வயலில் எங்கே தோண்டினாலும் மண்தான், பாறை கிடையாது. அந்த ஊரில் சுமார் 60 மீட்டர் உயரத்துக்குக் கருங்கல்லாலேயே விமானம் எழுப்பி 1010-ல் முடித்தான் ராஜராஜன். கல் புதுக்கோட்டைப் பக்கத்துக் குன்றுகளிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆராய்ந்தவர்கள் கருத்து. சுமார் ஐம்பது கிலோமீட்டர், ஆளும் மாடும் யானையும் இழுத்து வந்த கல். பக்கத்தில் செங்கல்லுக்கு மண் கொட்டிக் கிடந்தும் தொலைவிலிருந்து கருங்கல்லை வரவழைத்தது, என்ன உயரம், என்ன காலம் என்று நிச்சயித்துக்கொண்டு கல்லைத் தேர்ந்ததால்தான். அந்தப் பெரும் வேலையை நடத்திய தச்சரின் பெயரும் அங்கே கல்வெட்டில் இருக்கிறது. குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். அரசன் தன் பெயரைத் தச்சனுக்குப் பட்டமாகக் கொடுத்திருக்கிறான்.

அந்தக் கோயிலில் இன்னொன்றும் இருக்கிறது. விமானத்தின் உள்சுற்றில் 108 நாட்டியக் கரணங்களைச் செதுக்கத் திட்டமிட்டார்கள். 81 முடிந்தது. மிச்சக் கற்கள் வெறுமையாக, செதுக்கத் தயாராக அப்படியே நிற்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலிலேயே முடியாமல் நின்ற வேலை உண்டு. நீங்கள் எடுத்த எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. முடித்தது நன்றாக இருக்க வேண்டும்.

மென்மையான இடத்தில் மென்மையும், பாரம் விழும் இடத்தில் உறுதியும் வேண்டும். வீட்டில் குழந்தையிடம் கருங்கல்லாக இருப்பவரும், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மணற்கல்லாகக் கரைபவரும் கல்லை இடம் மாற்றி வைத்தவர்கள். குணம் நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன் அது சரியான இடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மணலில்கூடக் கல் நிற்கும் என்று காட்டியது கல்லணை. கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் அந்த அணைக்குப் பாறை அடித்தளம் கிடையாது, ஆற்று மணல்தான். பெரிய கற்களை மணலில் இட்டார்கள். நீர் அடியில் அரிக்க அரிக்கக் கல் இறங்கியது. அதன் மேல் மறுபடி கல் இட்டார்கள். இனி இறங்காது என்ற ஆழத்தில் அது நிலைத்தது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 19-ஆம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்து, தளர்ந்த மணலில் அடித்தளம் இடும் வித்தையைக் கற்று, கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டினார். உங்கள் காலடியில் பாறை இல்லாமல் பிறந்திருக்கலாம். முதலில் இடும் கற்கள் கண்ணுக்குத் தெரியாமல் புதையும். அவைதான் உங்கள் அஸ்திவாரம்.

கூட்டு சேர்வதில் கவனம்

கல் தானாகக் கெடுவது குறைவு. கூட வைத்த பொருளால் கெடுவதுதான் அதிகம். இரண்டு கல்லை இறுக்கிப் பிடிக்க இரும்புப் பட்டை போட்டால், சில வருஷத்தில் ஈரம் பட்டுத் துரு ஏறும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். பிடிக்க வந்த இரும்பே கல்லைப் பிளந்துவிடும். பழைய கல் சுவரில் சிமென்டைப் பூசினால் பார்க்கப் பலமாகத் தெரியும். ஆனால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள் திரும்பும். சுண்ணாம்புச் சாந்து அப்படியல்ல. ஈரத்தை வெளியே விடும், தான் கெட்டுக் கல்லைக் காப்பாற்றும். மணலை வேகமாக அடித்துச் சுத்தம் செய்தால் கல் புதிதுபோல் ஆகும். ஆயிரம் ஆண்டுக் கல்வெட்டின் எழுத்தும் அதோடு மழுங்கிப் போகும். ஒரு கோயிலின் நிலம், தானம், நீர்ப்பங்கு எல்லாம் அந்த எழுத்தில்தான் இருக்கின்றன. அழுக்கு போகட்டும் என்று வரலாற்றைத் துடைத்துவிடாதீர்கள்.

நெருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 பிப்ரவரி 2 இரவு மதுரை மீனாட்சி கோயில் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. கல்லுக்கு நெருப்பு என்ன செய்யும் என்று நினைப்போம். கருங்கல்லுக்குள் குவார்ட்ஸ் மணிகள் இருக்கின்றன. 573 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அவற்றின் படிக அமைப்பு மாறித் திடீரென்று விரியும். பக்கத்து மணிகளோ அப்படி விரியா. அதனால் கல் உள்ளேயே வெடிக்கும், தோல் உரிந்து விழும். நாயக்கர் காலத்துத் தூண்களும் மேல்தளமும் அன்று சிதைந்தன. எவ்வளவு பாரத்தையும் தாங்கி நின்ற தூணுக்கும் தாங்காத ஒன்று இருந்தது. இரண்டாவது கேள்வியை நான் ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று இப்போது புரியும்.

உளியும் உடம்பும்

கருங்கல்லில் வேலை செய்யும் உளி நாளுக்குப் பல தடவை மழுங்கும். மாலையில் பட்டறையில் காய்ச்சி, தட்டி, தண்ணீரில் தோய்த்து எடுப்போம். தோய்த்த முனையில் நிறம் ஏறி வரும். வைக்கோல் மஞ்சள் அடுத்து ஊதாவாகி நீலத்துக்குப் போகும். எந்த நிறத்தில் நிறுத்த வேண்டும் என்பதுதான் கைப்பக்குவம். அதிகக் கடினமானால் முனை சில்லாகத் தெறிக்கும். அதிக மென்மையானால் மடங்கும். கோபமும் பொறுமையும் கலந்த மனசுக்கும் அந்த நிறம் தேவை.

ஆனால் உளியைத் தீட்டிய நாங்கள் உடம்பைக் கவனிக்கவில்லை. கருங்கல் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குள் போய்த் தங்கினால் திரும்ப வராது. அங்கேயே தழும்பாகி, மூச்சு வாங்கும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கும். அந்த நோய்க்கு மருந்து கிடையாது, தடுப்பு மட்டுமே உண்டு. பெரிய கைகாரர்கள் இருமி இருமிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். இன்று மின்சார அரவை இயந்திரம் வந்த பிறகு தூள் இன்னும் பொடி, இன்னும் அதிகம். கல்லில் வேலை செய்ய வரும் பிள்ளைகள் தண்ணீர் விட்டு அறுங்கள், தரமான முகக்கவசம் இல்லாமல் பட்டறைக்குள் கால் வைக்காதீர்கள், வருஷத்துக்கு ஒருமுறை மார்பைப் பரிசோதியுங்கள். வேறு வேலைக்குப் போகிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். உடம்பைத் தின்னும் எந்தத் திறமையும் பெருமை இல்லை. கோயில் நிற்கும், கட்டியவன் போய்விட்டான் என்றால் அந்தக் கணக்கில் எங்கோ தவறு இருக்கிறது.

குன்று மறுபடி முளைக்காது

1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதிலும் கோபுரக் கற்களும் பெயர்த்து எடுக்கப்பட்டன. ராஜேந்திரன் தலைநகரில் எழுப்பிய மதில் ஆற்றுக்குள் போயிற்று. அணையால் வயல்களுக்குத் தண்ணீர் கிடைத்தது உண்மை. ஆனால் கல்லை வேறிடத்தில் எடுத்திருக்க முடியும், அந்த மதிலை மறுபடி யாராலும் உண்டாக்க முடியாது.

இன்று நாம் மதிலையல்ல, மலையையே எடுக்கிறோம். வைரக் கம்பி ரம்பம் வந்த பிறகு ஒரு குன்றைச் சதுரம் சதுரமாக அறுத்துக் கப்பலில் ஏற்றச் சில வருஷம் போதும். மதுரை மாவட்டத்தில் மேலூர்ப் பக்கக் குன்றுகளில் சமணர்கள் தங்கிய படுக்கைகளும், இரண்டாயிரம் ஆண்டுத் தமிழி எழுத்தும், பாண்டியர் குடைவரைகளும் இருக்கின்றன. குன்றின் மேல் விழும் மழைதான் அடிவாரக் கண்மாய்களை நிரப்புகிறது. அங்கே அரிட்டாபட்டியை 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள். ஊர் மக்கள் தங்கள் மலையை விட்டுக்கொடுக்காமல் நின்றதால் கிடைத்தது அது.

கல்லை நம்பி வாழ்ந்தவன் நான். குவாரியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கும் கோயிலுக்கும் பாலத்துக்கும் கல் வேண்டும். ஆனால் 250 கோடி ஆண்டில் விளைந்ததை, பத்து வருஷத்தில் பழசாகும் தரைக்கும் சமையல் மேடைக்கும் அறுத்துத் தள்ளுவது என் மனத்துக்கு ஒப்பவில்லை. எடுத்த கல் பல தலைமுறை நிற்க வேண்டும். நிற்காது என்றால் எடுக்கக் கூடாது. எந்தக் குன்றில் வெட்டலாம், எதில் வெட்டக் கூடாது என்று கேட்கும் இடத்துக்கு நீங்கள் போவீர்கள். பொறியாளராக, அதிகாரியாக, ஊராட்சித் தலைவராக, ஒரு வாக்காளராக. அப்போது நான் சொன்ன இரண்டாவது கேள்வியை அந்த மலைக்காகவும் கேளுங்கள்.

பழைய ஸ்தபதிகள் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது 'ஆவுடையார்கோயில் கொடுங்கையும் திருவலஞ்சுழிப் பலகணியும் நீங்கலாக' எதையும் செய்து தருகிறோம் என்று எழுதுவார்களாம். கருங்கல்லை மெல்லிய ஓலைக் கூரைபோல் இழைத்த கொடுங்கை அது. தனக்கு முன்னே இருந்தவன் செய்ததைத் தன்னால் செய்ய முடியாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்திடும் நேர்மை அந்தக் கலைஞர்களுக்கு இருந்தது. அவர்கள் திறமை அந்த நேர்மையால் குறையவில்லை. முடியும் என்று அவர்கள் சொன்னதை எல்லோரும் நம்பியதற்கே அது காரணம்.

நீங்களும் அப்படி வாழுங்கள். முடிந்ததை முழுமையாகச் செய்யுங்கள். முடியாததை முன்கூட்டியே சொல்லுங்கள். உங்களோடு இருப்பவர்களுக்கு எது தாங்காது என்று தெரிந்து அந்தப் பக்கம் பாரம் ஏற்றாமல் இருங்கள். உங்களை நம்பி எழுப்பும் எதுவும் உறுதியாக நிற்கட்டும்.